ஆறாத உருளி

பூதப்பாண்டி வடக்குத்தெருவில் சிவதாணுவின் வீட்டு முன்னறையில் இருந்த வெண்கல உருளி, அடியில் ஒரு சுள்ளிகூட எரியாமல், ஆறு வருஷமும் நாலு மாதமும் சுட்டுக்கொண்டே இருந்தது. அதன்மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிப் போகும். துவைத்த வேட்டியைப் பக்கத்து நாற்காலியில் விரித்தால் கால் மணி நேரத்தில் மடித்து வைக்கலாம். கார்த்திகை அடைமழையில் தெருவின் பூனைகள் எல்லாம் அதைச் சுற்றி வட்டமாகப் படுத்துத் தூங்கின. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, வாழைத்தோட்டங்களைச் சாய்த்துக்கொண்டு வருகிற காற்று ஜன்னல் வழியாக நேராக அதன்மேல் வீசியும் சூடு இம்மியும் குறையவில்லை. வருகிறவர்களுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு, மழைக்காலத்தில் அப்பளம் காயவைக்க அந்த வீட்டுக்குப் போகலாம் என்ற அளவில் தெரு அதைப் பழகிக்கொண்டது.

முத்துக்கனிக்கு மட்டும் அது பழகவில்லை. ஏனென்றால் உருளி அவள் வீட்டினுடையது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் நூற்றி முப்பது வருஷத்துக்கு முன்னால் நாகம்மை என்று ஒருத்தி இருந்தாள். காய்ச்சல் ஊரை வாரிய ஒரு வருஷத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் போயின. பயத்தில் யாரும் அந்த வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துட்டி, அதாவது சாவு, நடந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அன்றைக்குக் கொண்டுவர ஆளில்லை. மூன்று நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்து பிழைத்தெழுந்த நாகம்மை, காதில் தொங்கிய பாம்படத்தைக் கழற்றி விற்று, இரண்டு பக்கமும் கனத்த வளையம் வைத்து இந்த உருளியை வார்ப்பித்தாள். விளிம்பில் 'கொல்லம் 1061, நாகம்மை, துட்டி வகைக்கு' என்று வெட்டச் சொன்னாள். அன்றிலிருந்து வடக்குத்தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் கஞ்சி அந்த உருளியில் போனது. கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அய்யாவழிக்காரர்கள் என்று தெருவில் எல்லோரும் உண்டு. கஞ்சி யாரையும் விட்டுவைத்ததில்லை. சம்பா அரிசிக் கஞ்சி, வேகவைத்த சிறுபயறு, கொஞ்சம் தேங்காய்த் துவையல். அழுது வறண்ட தொண்டையில் அதைத் தவிர வேறொன்றும் இறங்காது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கஞ்சிக்குச் சில முறைகள் இருந்தன. அது தெருவில் வரும்போது யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. மாடு நின்றால் மாட்டை ஓட்டுவார்கள், லாரி நின்றால் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லுவார்கள். உருளி பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு வரைக்கும் துட்டி வீட்டிலேயே இருக்கும். அடியந்திரம் முடிந்ததும் அந்த வீட்டார் அதைக் கழுவி, உள்ளே ஒரு பிடி அரிசி போட்டு, தாங்களாகவே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொடுத்தவர் போய்க் கேட்கக் கூடாது. துட்டி வீட்டிலிருந்து பாத்திரத்தைக் கேட்டு வாங்குகிறவள் அடுத்த சாவைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்குகிறாள் என்று ஐதீகம். ஆள்விட்டுக் கேட்டாலும் அதே கணக்குத்தான். நூற்றி முப்பது வருஷத்தில் கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. பதினேழாம் நாள் காலையில் உருளி வாசலுக்கு வந்துவிடும்.

சிவதாணு மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குச் சாமான் அறைக் கண்காணிப்பாளராக இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், ஒரு சீட்டு, ஓர் இடம் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. திரும்பி வந்தபோது ஊரில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கிண்டிகளையும் தூக்கு விளக்குகளையும் பழைய இரும்புக்காரன் எடைக்கு அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. வீடுவீடாகப் போய் வாங்க ஆரம்பித்தார். சிதறால் பக்கத்திலிருந்து ஒரு கோளாம்பி, தாழக்குடியிலிருந்து சித்திர வேலைப்பாடு செய்த அரிசிப் பெட்டி, எங்கிருந்தெல்லாமோ மரக்கால், சேவை நாழி, வெற்றிலைச் செல்லம். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, பிறகு மெருகெண்ணெய் தடவி, கண்ணாடி அலமாரிகளில் வைத்தார். அவர் எடுத்திருக்காவிட்டால் பாதிச் சாமான்கள் இன்றைக்குக் குழாய்த் திருகாணியாகியிருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய அந்தச் சாமான்கள் ஒன்றும் சுடவில்லை.

ஓகிப் புயலுக்கு அடுத்த வருஷம், சித்திரையில், சிவதாணுவின் தகப்பனார் இறந்தார். முத்துக்கனி விடியற்காலையில் எழுந்து குளித்து, கஞ்சி வைத்து, அவளும் அவள் கணவர் நாராயணபெருமாளும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு உருளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சிவதாணு அன்றைக்கு இரண்டு கும்பா கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் அழுகை ஓய்ந்து உட்கார்ந்திருக்கையில், கரிக்கு அடியில் விளிம்பில் ஏதோ எழுத்து இருப்பது அவர் கண்ணில் பட்டது. விரலால் தடவினார். பிறகு புளி கொண்டுவரச் சொன்னார். கொல்லம் 1061 என்ற எழுத்துத் துலங்கி வந்தபோது அவர் முகத்தில் துக்கம் கொஞ்சம் விலகியது என்று, பக்கத்தில் இருந்த அவர் மனைவி அன்னக்கிளி பின்னால் சொன்னாள். அதில் அவருக்குத் தப்பான எண்ணம் இருக்கவில்லை என்றும் சொன்னாள். அப்போது இல்லாமல் இருந்திருக்கலாம்.

அடியந்திரம் ஐந்து பாயசத்தோடு நடந்தது. பதினேழாம் நாள் வந்தது, பதினெட்டாம் நாள் வந்தது. முத்துக்கனி காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, உருளி வைப்பதற்கு ஓர் இடம் விட்டு நின்று பார்த்தாள். ஒரு மாதம் வரைக்கும் அந்த இடத்தை விட்டுத்தான் கோலம் போட்டாள். சிவதாணு தெருவில் எதிர்ப்பட்டால் நல்லபடியாக விசாரித்தார். கர்ப்பமாக இருந்த அவள் மகள் ரேஷ்மிக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். உருளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாரோ ஜாடையாகக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தெருவெல்லாம் சுற்றி முத்துக்கனியிடம் வந்து சேர்ந்தது.

"நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன்? அவ வந்து கேட்டா தராம இருப்பனா?"

அவள் கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்தவர் அவர். மகள் ஏழு மாதம் சுமந்துகொண்டிருக்கிற ஒரு தாய், துட்டி வீட்டு வாசலில் நின்று பாத்திரத்தைக் கேட்கமாட்டாள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பூட்டிய பெட்டியிலிருந்து திருடுகிறவனை ஊர் பிடித்துக் கட்டிவைக்கும். ஒருத்தியின் பயத்துக்குள் கையைவிட்டு எடுக்கிறவனுக்கு ஊர் நாற்காலி போடுகிறது. முத்துக்கனி அந்த வார்த்தையைக் கேட்ட மத்தியானம் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். பயற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். அதே மத்தியானம் சிவதாணுவின் முன்னறையில், தேக்கு மரப் பீடத்தில் இருந்த உருளிக்கு அடியிலிருந்து புகை வந்தது.

மரப் பீடம் வட்டமாகக் கருகியது. சிவதாணு அதை எடுக்கப்போய் இரண்டு உள்ளங்கையையும் சுட்டுக்கொண்டார். பிறகு கருங்கல் பாளம் ஒன்று செய்வித்து, நாலு ஆள் வைத்து, சாக்கு நனைத்துப் பிடித்து, உருளியை அதில் ஏற்றினார். எண் எழுதிக் கட்டிய சீட்டு மூன்று தடவை எரிந்தது. நாலாவதாகத் தகரத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார். ஆனாலும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. சுடுகிற உருளி வேறு எந்தச் சேகரிப்பிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படங்களில் ஒன்றைத்தான் எதிர்வீட்டு சுபிதா தன் போனில் முத்துக்கனிக்குக் காட்டினாள். உருளி தங்கம் மாதிரி மின்னியது. நூற்றி முப்பது வருஷத்துக் கரி ஒரு பொட்டு இல்லை. பக்கத்தில் தகரச் சீட்டில், 'வெண்கல உருளி, கொல்லம் 1061, நன்கொடை' என்று இருந்தது. முத்துக்கனி கடைசி வார்த்தையை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு உருளியின் பக்கத்தில் இருந்த அலமாரிக் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது.

"சவத்த விட்டுத் தள்ளுட்டி," என்றார் நாராயணபெருமாள். "வடசேரியில போயி புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துருவோம்."

"புதுசுக்கு ஆரு அழுதா?" என்றாள் முத்துக்கனி. "இனி எனக்க கையால ஒரு வீட்டுக்கும் கஞ்சி போகாது. எல்லாவனும் அங்க போயி அப்பளம் காயப்போடுகான்லா? அங்கயே கஞ்சியும் குடிக்கட்டும்."

இதில் அவள் பக்கம் நியாயம் இல்லை. ஈயம் பூசிய பானையிலோ எவர்சில்வர் அண்டாவிலோ கஞ்சி கொண்டுபோயிருக்கலாம். செத்த வீட்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று நல்லெண்ணம் உள்ளவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தர் செய்த அநியாயத்துக்கு ஒரு தெருவையே பட்டினி போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. கோபத்தின் குணமே அப்படித்தான். எரிக்கவேண்டியதை எரிக்க முடியாதபோது, கை எட்டுகிற தூரத்தில் இருப்பதை எரிக்கும். தெருவில் அதற்குப் பிறகு விழுந்த சாவுகளுக்கு ஓட்டலிலிருந்து பொட்டலம் வந்தது. கொத்தனார் பொன்னுலிங்கம் இறந்த அன்று, அவன் மனைவி வாழையிலையில் சுற்றிய புரோட்டாவை மடியில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்ததை முத்துக்கனி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு உருளி செக்கச்சிவந்து போனதாக அன்னக்கிளி சொன்னாள்.

பிறகு கொரோனா வந்து, இரண்டு வருஷம் யாரும் யார் வீட்டுக்கும் எதையும் கொண்டுபோகவில்லை. ரேஷ்மியின் பிள்ளை நடந்து, பேசி, பள்ளிக்கூடமும் போனது. அதற்குள் கன்னிப்பூவும் கும்பப்பூவுமாகப் பன்னிரண்டு அறுவடை கழிந்தன. உருளி ஆறவில்லை.

ஞானசிங் சார் நாலாவது வீட்டில் இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் மணி அடிப்பதற்கு முன் போய் உட்காருகிறவர். உருளி சுடுகிற செய்தி கேட்டதும் ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு சிவதாணு வீட்டுக்குப் போனார். தினமும் காலை பத்து மணிக்குப் போய் அளந்து ஒரு நோட்டில் குறித்துவந்தார். சாதாரண நாளில் நூற்றித் தொண்ணூற்றிரண்டு பாகை. தெருவில் சாவு விழுந்த நாளில் வெப்பமானி தாங்காது. மூன்று வெப்பமானிகள் உடைந்த பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு, சிவதாணுவிடம், அதை அந்த வீட்டில் கொண்டு கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். கேட்டால் தராமல் இருப்பேனா என்று சிவதாணு அவரிடமும் சொன்னார். சாருக்கு வாழ்க்கையில் மிக அபூர்வமாகத்தான் கோபம் வரும். அன்றைக்கு வந்தது. குடையை எடுக்க மறந்து மழையில் நனைந்துகொண்டு நேராக முத்துக்கனி வீட்டுக்கு வந்தார்.

"முத்து, நான் படிச்ச பிசிக்ஸில இதுக்கு இடம் இல்ல," என்றார். "அது உனக்க கோவமாக்கும்."

"அப்ப எரியட்டும் சார். அந்த வீட்டோட சேந்து எரியட்டும்."

"எரியட்டும் மக்கா. வேண்டாம்னு நான் சொல்லல்ல. ஆனா இம்புட்டுச் சூடும் சும்மா போகுதே. பூனை குளிர்காயுகதுக்கா கடவுள் உனக்கு அத தந்தாரு?"

முத்துக்கனி அவருக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள், சுக்குக் காப்பி கொடுத்தாள்.

போன ஆவணியில் ஞானசிங் சார் இறந்தார். காலையில் வேதம் வாசித்துக்கொண்டிருக்கையில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். மகன் லிஜோ குவைத்தில். விமானச்சீட்டுக் கிடைத்து வந்துசேர இரண்டு நாள் ஆகும் என்றான். சாரைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அவர் மனைவி சத்தியபாய் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடவேண்டும், இல்லாவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும். மருமகள் ஷைஜா இட்லி கொண்டுவந்தாள், ரொட்டி கொண்டுவந்தாள், பழச்சாறு கொண்டுவந்தாள். எதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. முதல் நாள் அப்படியே போனது. இரண்டாம் நாள் காலையில் சத்தியபாய்க்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, ஏதாவது வயிற்றுக்குள் போகாவிட்டால் இந்தப் பெட்டியோடு இன்னொரு பெட்டி எடுக்கவேண்டி வரும் என்று ஷைஜாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

முத்துக்கனி அப்போது சத்தியபாயின் காலடியில் தரையில் இருந்தாள். முப்பது வருஷத்துச் சிநேகிதம். முத்துக்கனிக்குப் பிரசவத்தில் ரத்தம் போய் நினைவு தப்பியபோது, தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பிறகு ஒரு தடவைகூடப் பேசாதவள் சத்தியபாய். இப்போது அவள் கண்ணைத் திறக்காமல், யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்:

"சூடா ரெண்டு வாய் கஞ்சி இருந்தா இறங்கும்னு தோணுகு."

முத்துக்கனியைப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

முத்துக்கனி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். எவர்சில்வர் பானையில் தண்ணீரை ஊற்றி, அரிசியைக் களைந்து போட்டு, கேஸ் அடுப்பை முழுசாகத் திறந்துவைத்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. நீலத் தீ பானையின் இடுப்பு வரைக்கும் ஏறி எரிந்தது. அவள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். தண்ணீர் பழையாற்றில் மார்கழி மாதத்தில் இருப்பது போலச் சில்லென்று இருந்தது. பக்கத்து அடுப்பில் வைத்துப் பார்த்த பால் பொங்கியது, குழம்பு கொதித்தது. கஞ்சி மட்டும் கொதிக்கவில்லை. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்ற பிறகு அவளுக்கு விளங்கியது. தன்னிடம் இருந்த சூடு முழுவதும் அங்கே போய்க் கிடக்கிறது. இங்கே கொதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவளுக்கு வந்த ஆத்திரத்திலும் வெப்ராளத்திலும் அடுப்பை அணைக்கவும் மறந்தாள். களைந்த அரிசியைப் பானையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டப்பகல் பதினோரு மணிக்கு நடுத்தெருவில் நடந்தாள். ஆறு வருஷமாக அவள் மிதிக்காத வாசல்படி. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். முன்னறையில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த நாலைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள், பழம்பொருள் சேகரிக்கிறவர்கள். சிவதாணு உருளியின் மேல் தண்ணீர் தெளித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கை நின்றது. பிறகு சிரித்தார்.

"வா முத்துக்கனி. என்ன வேணும்? வாயத் தொறந்து கேளு, தாறேன்."

"ஒண்ணும் கேக்க வரல்ல அண்ணாச்சி," என்றாள் அவள். "கஞ்சி வைக்க வந்தேன்."

பானையை உருளிக்குள் கவிழ்த்தாள். அரிசியும் தண்ணீரும் விழுந்த சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் ஆகவில்லை. நடுவில் குமிழி வந்தது, பிறகு விளிம்பு முழுக்க நுரை கட்டி, திங்குதிங்கென்று கொதித்தது. ஆவி எழுந்து அலமாரிக் கண்ணாடிகளை எல்லாம் மூடியது. கிண்டியும் கோளாம்பியும் மரக்கால்களும் கண்ணுக்கு மறைந்தன. சம்பா அரிசி வேகிற மணம் அந்த அறைக்குள் முதல் தடவையாக நிறைந்தது. மெருகெல்லாம் போய்விடும், கறை பிடித்துவிடும் என்று சிவதாணு சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார். முத்துக்கனி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசினால் என்ன பேசுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆறு வருஷத்து வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் நின்றன.

அடுக்களை வாசலில் அன்னக்கிளி வந்து நின்றாள். இந்த ஆறு வருஷத்தில் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்னக்கிளி உருளியைப் பார்த்தாள், முத்துக்கனியைப் பார்த்தாள், கடைசியில் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"உப்பு போட்டியா முத்து?"

"இல்ல மைனி. மறந்து போச்சு."

அன்னக்கிளி உள்ளே போய் ஒரு கை உப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. அகப்பை கொண்டுவந்து கிண்டினாள். சீனச்சட்டியில் நேற்று வேகவைத்த பயறு இருக்கிறது என்று அதையும் கொண்டுவந்து கொட்டினாள். வெந்ததும் முத்துக்கனி குனிந்து ஒரு வளையத்தை வெறுங்கையால் பிடித்தாள். நாலு ஆள் நனைந்த சாக்கோடு நகர்த்திய உருளி அவள் கைக்கு வெதுவெதுவென்று இருந்தது. மறுபக்கத்து வளையத்துக்கு ஆள் இல்லை. அன்னக்கிளி கணவரைப் பார்க்கவில்லை. சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிவிட்டுக் குனிந்தாள். அவள் கையையும் அது சுடவில்லை.

சிவதாணு வாசலில் நின்றார். இரண்டு பெண்களும் கஞ்சி தளும்பாமல், ஓர் அடி ஓர் அடியாக, நேராக அவரைப் பார்த்து வந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர், உங்கள் பொருளை எடுத்துக்கொண்டு போகிறார்களே, பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே என்று பதறினார். சிவதாணு வாயைத் திறந்தார். பேச்சு வருமுன்பே அவர் கால்கள் நகர்ந்துவிட்டன. சுவரோரமாக ஒதுங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஒருத்தியின் பயத்தை ஆறு வருஷம் பூட்டாக வைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதே தெருவின் இன்னொரு பயம் தன் எலும்புக்குள்ளும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"துட்டி வீட்டுக் கஞ்சியாக்கும்," என்றார் வந்தவரிடம். "மறிக்கப்பிடாது."

தெருவில் பைக்குகள் நின்றன. மீன்காரன் வண்டியை ஓரம் கட்டினான். ஆறு வருஷத்துக்குப் பிறகு உருளி வருகிறதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே வாசல்களில் எழுந்து நின்றார்கள். சத்தியபாயின் கையில் கும்பாவைக் கொடுத்ததும் அவள் முதல் வாயை உறிஞ்சினாள்.

"உப்பு கூடிப்போச்சு," என்றாள். பிறகு முழுசையும் குடித்துவிட்டு, இன்னொரு கும்பா வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஷைஜா மாத்திரையைக் கொடுத்தாள். மறுநாள் லிஜோ வந்து, பாட்டும் ஜெபமுமாக சாரை நல்லபடியாக அடக்கம் செய்தார்கள். பதினாறு என்ற முறை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சத்தியபாய் நாள் எண்ணிக்கொண்டிருந்து, பதினேழாம் நாள் காலையில் லிஜோவும் ஷைஜாவுமாகக் கை சுடாமல் உருளியைத் தூக்கிவர, கூடவே நடந்துவந்து முத்துக்கனியின் வாசலில் வைத்தாள். உள்ளே ஒரு பிடி அரிசி கிடந்தது. வைத்த நிமிஷத்தில் அது பொரிந்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்ததும் உருளி ஆறிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆறவில்லை. வாய்க்கால் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தார்கள், சத்தியபாய் ஒரு ஜெபமும் செய்தாள். சூடு குறையவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், சிவதாணு வந்தார். நன்கொடை என்று எழுதிய தகரச் சீட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். நாராயணபெருமாள் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தான் செய்தது தப்பு என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் ஆறு வருஷம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் அதை முழுசாகச் சொன்னார்.

"நீ பொறுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரு முத்துக்கனி. அது ஆறிரும்."

முத்துக்கனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பொன்னுலிங்கத்தின் மனைவி மடியில் இருந்த பொட்டலம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்துபோயிற்று. அதில் பாதி தன்னுடைய தப்பு என்பதும் வந்தது. அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எனக்கு இன்னும் பொறுக்கல்ல," என்றாள். "ஆனா உங்க வீட்டுல ஒரு துட்டின்னா மொதல் கஞ்சி நான் கொண்டு வருவேன். இதுலதான் கொண்டு வருவேன். பதினேழாம் நாளு நீங்க திருப்பிக் கொண்டுவரணும்."

சிவதாணு தலையை ஆட்டினார். போகும்போது உருளியை ஒருமுறை குனிந்து பார்த்தார். அடியில் தீ வைக்காததால் கரி பிடித்திருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நிம்மதி.

மன்னிப்பு பெரிய காரியம். எல்லோருக்கும் கேட்ட உடனே வந்துவிடாது. கஞ்சி சின்னக் காரியம், அரிசியும் தண்ணீரும் இருந்தால் போதும். கடவுள் சின்னதை முதலில் வாங்கிக்கொண்டு பெரியதற்குத் தவணை கொடுக்கிறார் என்று சத்தியபாய் சொல்லுகிறாள். முத்துக்கனி அதற்கு ஒத்துக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. பொன்னுலிங்கத்தின் மனைவியிடம் மட்டும் ஒரு நாள் போய், ஆறு வருஷம் தாமதமாக, ஒரு தூக்குவாளி கஞ்சி கொடுத்துவிட்டு வந்தாள். அவளும் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு வடக்குத்தெருவில் ஐந்து வீடுகளில் துட்டி நடந்திருக்கிறது. ஐந்துக்கும் உருளி போய், ஒரு பிடி அரிசியோடு திரும்பி வந்தது. விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம். அரிசியைக் களைந்து போட்டு, சற்றுத் தள்ளி நின்று அகப்பையால் கிண்டவேண்டும். பத்து நிமிஷத்தில் கஞ்சி ஆகிவிடும். உப்பைக் கடைசியில் போடவேண்டும். அதை அன்னக்கிளி வந்து போடுவாள்.